மைனருக்குக் கொடுத்த கொட்டகை

காடாம்புலியூரிலிருந்து கிடா வந்து இறங்கிய காலையில் வடக்குத்து ஊரில் பாதிப் பேர் வேலைக்கு லேட். குட்டியானை வண்டியின் பின்பலகையைத் திறந்ததும், தொங்கு காதும் நீளத் தாடியுமாக, வெளுத்த வேட்டி கட்டிய பண்ணையார் கணக்காக நின்றது அது. யாரும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. தானாகவே குதித்து, கூடியிருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்து, மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டியது.

"பேரு மைனருங்க," என்றார் கூட வந்த செல்வநாதன். காடாம்புலியூர் ஆடு வளர்ப்போர் சங்கத்தின் தலைவர். "பேருக்கேத்த மாதிரிதான் நடந்துக்குவான். தப்பா எடுத்துக்காதீங்க."

"மாப்ள முறுக்கா இருந்தாத்தான் அழகு," என்றாள் தனம். வடக்குத்து சங்கத்துக்குத் தலைவி அவள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஆரத்தித் தட்டை மைனருக்கு மூன்று சுற்றுச் சுற்றினாள். மைனர் தட்டிலிருந்த வெற்றிலையை எட்டித் தின்றது. கூட்டம் சிரித்ததில் வண்டி டிரைவர் ஹாரன் அடித்துத் தன் பங்கையும் சேர்த்துக்கொண்டார்.

கூட்டத்தில் சிரிக்காத ஆள் ஒருவர் மட்டும்தான். குஞ்சிதபாதம். ஊரில் இதுவரை இருந்த ஒரே கிடா அவருடையது. "எங்கிடாவுக்கு ரிட்டயர்மென்ட் குடுத்துட்டீங்க, சரி. பி.எஃப். பணம் உண்டா இல்லியா?" என்று கேட்டார்.

அவர் கிடாவின் மேல் யாருக்கும் குறையில்லை. அது உழைத்த உழைப்புத்தான் குறை. ஊரில் துள்ளுகிற பெட்டைக்குட்டி எல்லாம் அதன் மகள்களாகிவிட்டன. அப்பனுக்கே மகளைச் சேர்த்தால் குட்டி சவலையாகப் பிறக்கும், மடி சிறுக்கும், கறக்கிற பால் சொம்பின் அடியைத்தான் நனைக்கும். பால் ஆடு வைத்திருப்பவர்கள் வெளியூர்க் கிடா தேடியே ஆக வேண்டும். ஏற்கெனவே ஒன்று இருக்க, இன்னொரு நல்ல சாதிக் கிடாவையும் வாங்கிக் கட்டித் தீனி போட ஒரு சங்கத்தால் ஆகாது. அதனால்தான், கால்நடை முகாமில் பரிசுக்காக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த இரண்டு சங்கங்கள் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தன. ஒரு மாதம் மைனர் இங்கே. பிறக்கிற பெட்டைக்குட்டிகளில் இரண்டு காடாம்புலியூருக்கு.

அந்தப் பேச்சுவார்த்தையில் செல்வநாதன் இன்னொன்றும் கேட்டிருந்தார். "டவுன்ஷிப்புல நீங்க பால் ஊத்தற லைன்ல எங்களுக்கும் கொஞ்சம் எடம் குடுத்தா நல்லாருக்கும்மா."

"கிடா பத்திப் பேசலாம். லைன் பத்திப் பேசாதீங்க," என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள் தமிழ்மொழி.

தமிழ்மொழி வடக்குத்து சங்கத்தின் செயலாளர். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. விருத்தாசலத்தில் பி.ஏ. முடித்துவிட்டு வேலை கேட்டுப் போன இடங்களில் எல்லாம் "யார் மூலமா வந்தீங்க?" என்றுதான் முதலில் கேட்டார்கள். கடைசியாகப் போன இடத்தில் "பஸ் மூலமா வந்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். அதற்குப் பிறகு எங்கும் போகவில்லை. அம்மாவின் ஆடுகளைப் பார்த்தாள். பக்கத்திலேயே மைன்ஸ் ஊழியர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப். பசும்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும், யாரோ ஆட்டுப்பால் குடிக்கச் சொன்ன பெரியவர்களும் அங்கே இல்லாமலா போவார்கள் என்று கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். முதலில் கதவைத் திறந்தவர்கள் "ஆட்டுப்பாலா" என்று மூக்கைச் சுளித்தார்கள். அந்த மூக்கோடு சண்டை போட்டு, பிளாக் பிளாக்காக, குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக அவள் பிடித்த லைன் அது. அதில் பங்கு கேட்டால் கோபம் வராதா?

கிடாவை எங்கே கட்டுவது என்பதில் அடுத்த சண்டை ஆரம்பித்தது.

"எங்க வூட்டாண்ட வேப்பமரம் இருக்கு. நல்ல நெழலு. அங்கயே கட்டிடலாம்," என்றாள் கமலா.

"உங்க வூட்ல கட்டுனா உங்க ஆட்டுக்குத்தான் மொதல்ல சேரும்," என்றாள் உமாராணி. "எங்களுதெல்லாம் ரேஷன் கடை மாதிரி வரிசையில நிக்கும். இன்னா நாயம் இது?"

"அப்ப உங்க வூட்ல கட்டுனா மட்டும் நாயமா?"

"நான் கேக்கவே இல்லியே."

"கேக்கத்தான வாயத் தொறந்த."

பேச்சு கிடாவை விட்டு, போன வருஷம் காது குத்தில் யாருக்கு யார் இலை போடவில்லை என்ற இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. தமிழ்மொழி கையை உயர்த்தினாள்.

"யாரு வூட்லயும் கெடையாது. சங்கத்துக்கு வந்த கிடா சங்கத்துக் கொட்டகையில இருக்கும். எல்லாருக்கும் பொது."

சங்கத்துக் கொட்டகை தனத்தின் வீட்டுப் பின்னால் இருந்தது. பலகை அடித்து உயர்த்திய பரண், ஒரு குழாய், ஒரு ஃபேன். விடிகாலையில் எல்லா வீட்டு ஆடுகளும் அங்கே வரும். வரிசையாக நிறுத்திக் கறந்து, வடிகட்டி, ஒரே கேனில் ஊற்றுவார்கள். ஊரில் அதைவிடச் சுத்தமான, காற்றோட்டமான இடம் இல்லை. மாப்பிள்ளைக்கு வேறு எதைக் கொடுப்பது? மைனரை ஃபேனுக்குக் கீழேயே கட்டினார்கள். குஞ்சிதபாதம் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கிடாவுக்கு ஒரு விசிறி வீசினதில்ல. இவனுக்கு ஃபேனு," என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

தமிழ்மொழி சொன்ன தீர்ப்பு எவ்வளவு நியாயமானதோ அவ்வளவு தப்பானது. அது தெரிய நாலைந்து நாள் பிடித்தது.

அந்த நாலைந்து நாளும் ஊருக்குக் கொண்டாட்டம்தான். புதுக் கிடாவின் வாடை பட்டதும் பெட்டை ஆடுகள் சொல்லி வைத்தாற்போலப் பருவத்துக்கு வந்து ஒன்றையொன்று மிஞ்சிக் கத்தின. டிவியில் யார் பேசுகிறார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. மைனர் தன் தாடியில் தானே மூத்திரத்தைப் பீய்ச்சிக்கொண்டு, அத்தர் பூசிய மிதப்பில் தலையைத் தூக்கி நின்றது. பெண்கள் முறை வைத்துப் பலாத்தழை கொண்டுவந்து கொடுத்து, நெற்றியைத் தடவி, கொம்புக்கு எண்ணெய் போட்டுவிட்டு, அதே கையோடு பால் கறக்க உட்கார்ந்தார்கள்.

ஐந்தாம் நாள் டவுன்ஷிப்பில் ஜானகியம்மாள் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள். ரிட்டயரான ஃபோர்மேனின் மனைவி. பேரனுக்காக ஆட்டுப்பால் வாங்குகிறவள். தமிழ்மொழியின் முதல் வாடிக்கை.

"தமிழ், நேத்து ஊத்தின பாலை நீ மோந்து பாத்தியா?"

"ஏங்க, இன்னா ஆச்சி?"

"குழந்தை வாயில வச்சதும் துப்பிட்டான். நான் காப்பி போட்டுப் பாத்தேன். காப்பிக்குள்ள ஆடு நடமாடுது."

தமிழ்மொழிக்குச் சுருக்கென்றது. கேன் மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டாள். "ஒண்ணும் வரலிங்களே."

"உனக்கு எப்படிம்மா வரும்? நீயே அந்த வாசனைதான்," என்றாள் ஜானகியம்மாள். திட்டுகிற மாதிரிகூடச் சொல்லவில்லை. அயர்ன்காரரிடம் சட்டையில் மடிப்பு விழுந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். தமிழ்மொழி கேனை மூடிக்கொண்டு படியிறங்கினாள்.

அடுத்த வீட்டிலும் அதே கதை. அதற்கடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை. ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வேண்டாம் என்று ஆடியது. கொண்டுபோன கேன் கொண்டுபோனபடியே கொட்டகைக்குத் திரும்பியது.

"பாத்திரம் சரியா கழுவல," என்றாள் உமாராணி, கமலாவைப் பார்த்து.

"உன் ஆடு கண்டதையும் மேஞ்சிட்டு வருது. குப்பத்தொட்டி வரைக்கும் போவுது," என்றாள் கமலா.

தமிழ்மொழி போனை எடுத்துக் காடாம்புலியூருக்குப் போட்டாள். எடுத்தது டெய்சி. செல்வநாதனின் அண்ணன் மகள், அந்தச் சங்கத்தின் செயலாளர், ஏறக்குறைய இவள் வயது. எல்லோரும் கேட்கட்டும் என்று தமிழ்மொழி ஸ்பீக்கரில் போட்டாள்.

"பால்ல வாடையா?" என்றாள் டெய்சி. "கிடாவ எங்க கட்டியிருக்கீங்க?"

"சங்கத்துக் கொட்டகையில."

"பால் எங்க கறக்கறீங்க?"

இந்தப் பக்கம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அங்கயேதான்," என்றாள் தமிழ்மொழி.

போனில் டெய்சி இருமுவது போல ஒரு சத்தம் கேட்டது.

"ஃபேன்கூட போட்டு வச்சிருக்கோம்மா," என்றாள் தனம், ஒத்தாசையாக.

அதற்குமேல் டெய்சியால் தாங்க முடியவில்லை. அவள் சிரித்து முடிக்கும்வரை இவர்கள் தலைக்குமேல் சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "கிடா வாடை பால்ல ஒட்டிக்குங்க," என்றாள் அவள் ஒருவழியாக. "கறக்கற எடத்துப் பக்கமே வுடமாட்டோம். எங்கள்து முந்திரிக்காட்டுக்குள்ள தனியா கெடக்கும். உங்க பழைய கிடா எங்க இருந்துச்சி?"

குஞ்சிதபாதத்தின் வீடு ஊர்க்கோடியில், ஓடை தாண்டி. இத்தனை காலமும் வடக்குத்துப் பாலைக் காப்பாற்றியது யாருடைய அறிவும் இல்லை, அந்தத் தூரம்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

"கிடாவ இப்பவே அங்க மாத்திடுங்க. கொட்டகைய சுண்ணாம்பு போட்டுக் கழுவுங்க. ஆனா ஆடுங்க அவன்கிட்ட போய்வந்துக்கினு இருக்கற வரைக்கும் வாடை முழுசா போவாது. சேக்கற மாசத்துல நாங்க பால் ஊத்தறதையே நிறுத்திடுவோம். குட்டிங்க குடிச்சிட்டுப் போவட்டும்னு வுட்டுடுவோம்."

"வாடிக்கை?"

"போயிடுவாங்க. மறுபடியும் மொதல்லேருந்து புடிப்போம். வருஷா வருஷம் அதான் கதை," என்றாள் டெய்சி. "எங்க ஆடுங்க இப்ப கிடா இல்லாம சும்மாத்தான் இருக்குதுங்க. பால் நல்லாருக்கு. நாளைக்கு எடுத்தாரட்டுமா?"

தமிழ்மொழி ஸ்பீக்கரை அணைத்தாள். "யோசிச்சி சொல்றேன்," என்று வைத்துவிட்டாள்.

"இதுல யோசிக்க இன்னா இருக்கு தமிழு?" என்றாள் தனம்.

"அக்கா, அவங்க மொதல்லயே லைன் கேட்டாங்க. நான் குடுக்கல. இப்ப கேனத் தூக்கிக்கினு உள்ள வந்துடுவாங்க. நம்ம பால் நல்லா ஆனதும் வெளிய போவாங்களா? நான் ஒவ்வொரு கதவா தட்டி வாங்கின லைன் இது."

"சரி, வரவேணாம்னு சொல்லு. நாளைக்கு உன் ஜானகியம்மா இன்னா பண்ணும்?"

"பாக்கெட் வாங்கும். இல்லன்னா பவுடர் கலக்கும்."

"ஒரு மாசம் பாக்கெட் வாங்கிப் பழகினா திரும்புமா?"

தமிழ்மொழி கேன் மூடியைத் திறந்து மறுபடி மூடினாள்.

"எப்படியும் தோக்கப் போற. பாக்கெட்டுகிட்ட தோக்கறதுக்கு டெய்சிகிட்ட தோக்கலாம். அதுவாவது நீ திட்டுனா திருப்பித் திட்டும்," என்றாள் தனம். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு கரைக்கப் போனாள். தமிழ்மொழி மறுபடியும் போனை எடுத்தாள்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக டெய்சி ஸ்கூட்டியின் முன்னால் கேனை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். இரண்டு பேரும் ஒரே வண்டியில் டவுன்ஷிப்புக்குள் போனார்கள். ஜானகியம்மாள் கதவைத் திறந்ததும் தமிழ்மொழி ஆரம்பித்தாள்.

"இது எங்க பால் இல்லிங்க. காடாம்புலியூர் சங்கத்துப் பால். நாங்க கறக்கற கொட்டகையில கிடாவக் கட்டிட்டோம். தப்பு எங்களுது. கட்டச் சொன்னது நான்தான். எங்க பால் சரியாகற வரைக்கும் இவங்க ஊத்துவாங்க. வேணும்னா வாங்குங்க, வேணான்னா சொல்லிடுங்க."

டெய்சி அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஜானகியம்மாள் கேனில் மூக்கை வைத்தாள், விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள், உள்ளே போய்ச் செம்பை எடுத்து வந்தாள்.

படியிறங்கும்போது டெய்சி கேட்டாள். "தெனமும் இப்படித்தான் பேசுவீங்களா?"

"வேற எப்படிப் பேசறது? அதான நடந்துச்சி."

"இல்ல, வியாபாரத்துல கொஞ்சம் சுத்தி வளச்சி..."

"எனக்கு வராது."

"அது தெரியுதுங்க. செக்யூரிட்டி வரைக்கும் உங்களக் கண்டா வெறப்பா நிக்கறாரு."

டெய்சிக்கு அதெல்லாம் வந்தது. யார் வீட்டில் பலாப்பழம் கேட்டார்கள், யார் மகளுக்குக் கடலூரில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் ஒரே வாரத்தில் அவளுக்கு அத்துப்படி. ஜானகியம்மாளுக்கு முழங்கால் வலி இருப்பது தமிழ்மொழிக்கே டெய்சி சொல்லித்தான் தெரிந்தது. ஜன்னல் வழியாகக் கையாட்டிய வீட்டுக் கதவு திறந்தது. அதற்குப் பக்கத்து வீட்டுக்காரியும் ஒரு டம்ளரோடு வந்து நின்றாள். தமிழ்மொழிக்கு வயிறு எரிந்தது. எரிகிறதே என்று நினைத்தபோது இன்னும் எரிந்தது. இவள்மேல் குற்றம் சொல்ல ஒன்றாவது கிடைக்காதா என்று பார்த்தாள். டெய்சி பாலில் தண்ணீர் கலக்கவில்லை, அளவில் ஏமாற்றவில்லை, ஒருநாளும் லேட்டாக வரவில்லை. ஹாரன் மட்டும் அதிகம் அடித்தாள். அதற்கே ஒருநாள் முழுக்கத் திட்டித் தீர்த்தாள் தமிழ்மொழி. தனம் சொன்னது சரி. டெய்சி திருப்பித் திட்டினாள். மனசு கொஞ்சம் லேசானது.

ஊருக்குள் குஞ்சிதபாதத்துக்கு ஏறுமுகம். மைனர் இப்போது அவர் பொறுப்பு. தினமும் கறவை முடிந்த பிறகு ஆடுகளை அவர் வீட்டுக்கு ஓட்டிப்போக வேண்டும். யார் ஆடு எப்போது என்று அவர்தான் சொல்லுவார். "இவன் நல்ல பையந்தான். குளிக்க மாட்டான், அவ்ளோதான்," என்று சர்ட்டிபிகேட் கொடுத்தார். ஒருநாள் டெய்சி கிடாவைப் பார்க்க வந்தவள், மைனரை விட்டுவிட்டு அவருடைய பழைய கிடாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"தாத்தா, இது எங்க ஊருக்கு வருமா? மைனரோட பொண்ணுங்களே எங்ககிட்ட நெறய ஆயிடுச்சி. அதுங்களுக்கு வெளி கிடா வேணும்."

குஞ்சிதபாதம் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டார். "கேட்டுச் சொல்றேன்," என்றார். யாரைக் கேட்பார் என்று தெரியவில்லை. மறுநாள் கிடாவைக் குளிப்பாட்டிக் கழுத்துக்குப் புது மணி கட்டியிருந்தார்.

கொட்டகையில் வாடை போய்க்கொண்டிருந்தது. தினமும் காலையில் ஒரு டம்ளர் பாலைத் தமிழ்மொழி டெய்சியிடம் நீட்டுவாள். சங்கத்தில் யார் மூக்கையும் நம்ப முடியாத நிலைமை. "இன்னும் இருக்கு," என்பாள் டெய்சி. "இன்னும் லேசா." எல்லா ஆடும் மைனரிடம் போய்வந்து முடிந்த பிறகு ஒருநாள் மோந்து பார்த்துவிட்டு முழு டம்ளரையும் குடித்துவிட்டாள். "சரியாயிடுச்சிங்க," என்று உதட்டைத் துடைத்துக்கொண்டாள். தமிழ்மொழிக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. இனிமேல்தானே இவள் போவாளா மாட்டாளா என்று தெரியும்.

மாதம் முடிந்து செல்வநாதன் வண்டியோடு வந்தார். பெண்கள் மைனருக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். அது மாலையைத் தின்றது. கமலா வேறு மாலை கட்டினாள், அதையும் தின்றது. தமிழ்மொழி ஒரு பக்கமாக நின்று, சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு நன்றி, ஆனால் லைன் லைன்தான்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா," என்றார் செல்வநாதன்.

"டவுன்ஷிப்பப் பத்தின்னா..."

"டவுன்ஷிப்பு இல்லம்மா. திருவதிகை." அவர் வண்டியின் பலகையில் சாய்ந்துகொண்டார். "அங்க எங்களுக்குக் கொஞ்சம் வூடுங்க, கோயில் பக்கத்துல ஒரு டீக்கடை. இந்த ரெண்டு கிடாவும் எங்க ஊர்ல வந்து எறங்குன ஒடனே எங்க ஆடுங்க கத்த ஆரம்பிச்சிடும். ஒரு மாசம் பால் கெடையாது. வருஷா வருஷம் அந்த வாடிக்கைய வுட்டுட்டுத் திரும்பப் புடிக்கறோம். இந்தத் தடவ நீங்க ஊத்துவீங்களா? டெய்சி கூட வந்து வூட்டக் காட்டும். எங்க பேரச் சொல்லணும்னு இல்ல. உங்க பேர்லயே ஊத்திக்குங்க."

ஒத்திகை பார்த்ததில் இது இல்லை. "நான் உங்களுக்கு லைன் குடுக்கலியே அண்ணே," என்றாள்.

"குடுக்கலதான்."

"அப்பறம் எதுக்கு உங்க லைன என்கிட்ட குடுக்கறீங்க?"

"டெய்சி சொல்லிச்சி. அந்தப் பொண்ணு வாசப்படியில நின்னுக்கினு அதோட சங்கத்தையே காட்டிக் குடுக்குது சித்தப்பா, அதுக்குப் பொய்யே வராதுன்னு. அதவிட வேற இன்னா வேணும்?"

தமிழ்மொழி டெய்சியைத் தேடினாள். அவள் குஞ்சிதபாதத்தோடு சேர்ந்து பழைய கிடாவை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அது ஏற மாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டு நின்றது. அவர் பின்னாலிருந்து தள்ள, அவள் முன்னாலிருந்து இழுக்க, நடுவில் மைனர் எல்லோரையும் முறைத்தது.

"அக்கா," என்று தனத்தைக் கூப்பிட்டாள் தமிழ்மொழி. "எல்லாரும் இங்க வாங்க. ஒரே தடவதான் சொல்லுவேன்." வந்தார்கள். "டவுன்ஷிப் லைன் இனிமே ரெண்டு சங்கத்துக்கும் பொது. திருவதிகையும் பொது. எந்த ஊர்ல கிடா சேக்கறாங்களோ அந்த ஊருக்கு அந்த மாசம் ஆஃப். மத்த ஊரு ஊத்தும். அண்ணே, உங்களுக்கு சம்மதமா?"

செல்வநாதன் தலையாட்டினார்.

"புள்ள கிடாவுக்கே ஷிஃப்ட்டு போட்டுட்டாடீ," என்றாள் தனம். "ஒரு மாசமா இதச் சொல்லத்தான் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு திரிஞ்சியா?"

"ஒரு மாசமா இதச் சொல்லக் கூடாதுன்னுதான் திரிஞ்சேன்."

திருவதிகைக்கு முதலில் யார் போவது என்று உடனே சண்டை தொடங்கியது. டவுன்ஷிப்புக்குப் போகச் சொன்னால் ஆளுக்கொரு வேலை இருக்கும். கோயில் ஊர் என்றதும் எல்லோருக்கும் ஓய்வு கிடைத்துவிட்டது. உமாராணி சாமி கும்பிட்டு ரொம்ப நாளாகிறது என்றாள். கமலாவுக்கு அங்கே வேண்டுதலே பாக்கி இருந்தது, எந்த வேண்டுதல் என்பதுதான் ஞாபகம் இல்லை. பால் ஊற்றிவிட்டுத்தான் சாமி என்று தமிழ்மொழி கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் விடிகாலையில், கழுவி வெளுத்த கொட்டகையில் கறந்த பாலைக் கேனில் ஊற்றி மூடி, தமிழ்மொழி டெய்சியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பண்ருட்டி ரோட்டில் பலா மரங்களுக்கு நடுவே வண்டி போய்க்கொண்டிருந்தது.

"மொத வூட்டம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் வாய் ஜாஸ்திங்க," என்றாள் டெய்சி திரும்பாமல். "எதுக்கெடுத்தாலும் சண்டைக்கு நிக்கும். எனக்கே பயம்."

"நல்லதாப் போச்சி," என்றாள் தமிழ்மொழி. துப்பட்டாவை இழுத்து இடுப்பில் முடிந்துகொண்டு, கேனைச் சரியாகப் பிடித்தாள். "அந்த வூட்ட எனக்கு வுட்டுடு."